பிந்தி வந்தவங்கதான் பொன்னு கொண்டு வந்தாங்க

ஏ மக்கா, கிறிஸ்மஸுக்கு நீ போன்ல சொன்ன திட்டத்தை ஒண்ணு விடாமக் கேட்டேன். ரொம்ப நல்ல திட்டம். 24ஆம் தேதி ராத்திரி வந்து எறங்குத, 26 காலையில கெளம்புத. கேக்கு பட்டணத்துல இருந்து வருது. பலகாரம் ‘வீட்டுல செஞ்சது’ன்னு எழுதின டப்பாவுல வருது. எவ வீட்டுல எவ செஞ்சாளோ, அவ நல்லா இருக்கட்டும். நட்சத்திரம் பிளாஸ்டிக்கு, மடக்கிப் பெட்டிக்குள்ள வச்சுக்கலாம். பரிசுக்குக் கூப்பன். ஆச்சிக்குக் கையும் காலும் வலிக்கக் கூடாதுன்னு உனக்கு எவ்வளவு கரிசனம்! கேட்டதும் அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல பாத்துக்க. சந்தோசத்துல இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு யோசனை. கேட்டாக் கேளு, கேக்காட்டாப் போ. கேக்காதவன்தான் நம்ம வம்சத்துல அதிகம்.

மத்தேயு சுவிசேசம் ரெண்டாம் அதிகாரத்தை எடு. கெழக்கேயிருந்து சாஸ்திரிமார் வந்தாங்கன்னு இருக்கும். எத்தனை பேருன்னு இருக்காது. பொன்னு, தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு பொருளு மூணு இருக்கதைப் பாத்து ஆளும் மூணுன்னு நாமளே கணக்கு முடிச்சுட்டோம். இன்னொண்ணு, அதை ஓய்வுநாள் பள்ளியில அழுத்திச் சொல்ல மாட்டாங்க. அவங்க வந்து பிள்ளையைப் பாத்தது தொழுவத்துல இல்ல, வீட்டுல. அதாவது, பிள்ளை பொறந்து, தாயும் பிள்ளையும் வீடு சேந்து, பரபரப்பெல்லாம் அடங்கின பொறவு வந்து நிக்காங்க. நடுவுல எருசலேம் அரமனையில போயி வழி வேற கேட்டிருக்காங்க. அதுனால ஊருக்கு வந்த வினை தனிக்கதை. இம்புட்டுப் பிந்தி வந்தவன் வெறுங்கையோட வாசப்படி ஏற முடியுமா? எடு பொன்னை!

இப்பம் லூக்காவைத் திருப்பு. மேய்ப்பருங்க சேதி கேட்ட அன்னைக்கி ராத்திரியே ஓடி வந்துட்டாங்க. கையில என்ன கொண்டு வந்தாங்கன்னு லூக்கா ஒரு வரி எழுதல. தோள்ல ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போட்டது படம் வரைஞ்சவன் வேலை. முந்தி வந்தவன் கையில என்ன இருக்குன்னு அங்க ஒருத்தரும் பாக்கல.

போன பண்டிகைக்கு நீ ஆச்சிக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டாந்தியே, தங்கக் கலர்ல, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பய சாஸ்திரிமார் வகையில்லாடான்னு. அது மணி காட்டுதோ இல்லியோ, ஆச்சி செத்த உக்காந்தா உடனே குறுகுறுன்னு அதிர்ந்து, எழும்பி நடன்னு சொல்லுது. காலையில நாலு மணிக்கு எழும்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, வாசல் தெளிச்சு, இட்லி அவிச்சு, இப்பத்தான் உக்காந்தா. அவளை எழும்பச் சொல்லுத தைரியம் இந்த வீட்டுல எனக்கே கெடையாது. அதைக் கழத்தி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டா. அங்க நிம்மதியாக் கெடக்கு.

அதுனால நீ மேய்ப்பன் கட்சிக்கு வந்துரு. கூப்பனைத் தூரப் போட்டுட்டு நாலு நாள் முந்தி வா. ரயிலுக்கு 60 நாளைக்கு முந்திதான் முன்பதிவு தொறக்காங்களாம். தீபாவளி வெடிச் சத்தத்துல மறந்துராத. செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா நாசரேத்துல எறங்கலாம். அங்கயிருந்து தேரி மண்ணு வாசத்தைப் பிடிச்சே வந்துரலாம். லீவு இல்லன்னு சொல்லாத. போன வருசம் நீ ஆபீஸ்ல டிசம்பர் பிறந்ததும் ‘செமி கிறிஸ்மஸ்’னு கேக்கு வெட்டின போட்டோவை உன் பொண்டாட்டி அனுப்பிச்சா. நான் பொறந்த காலத்துல கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் காத்திருக்குத காலம். பாட்டே பைய்யத்தான் பாடுவோம். இப்பம் நீங்க மாசம் முழுக்க அரைக் கிறிஸ்மஸ் கொண்டாடி, 25 வரும்போது ஏப்பம் விட்டுக்கிட்டு நிக்கிய. பாதிப் பண்டிகைக்கு லீவு குடுக்குத மேனேசர் முழுப் பண்டிகைக்குக் குடுக்க மாட்டானா?

வந்தா என்ன வேலைன்னு கேப்ப. சொல்லுதேன். அச்சுமுறுக்கு அச்சை நீதான் பிடிக்கணும்.

சும்மா நெனைச்சுராத. நம்ம தெருவுல நல்ல அச்சு ஒண்ணுதான். வெங்கல அச்சு, கம்பி நீளம், பூ எட்டு இதழு. வீடு வீடாப் போயி வரும், அதுக்கு மொறை உண்டு. புது அச்சு விடவே விடாது. அரிசி கழுவின தண்ணியில ஊறப் போட்டு, எண்ணெயில காய்ச்சி, பல வருசம் பழகணும். மாவு பச்சரிசி. அதுல தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள்ளு. தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியா இருக்கணும். எண்ணெயில அச்சைக் காய வச்சு, உதறிட்டு, மாவுல முக்கணும். இங்கதான் பட்டணத்துப் பிள்ளைகள் கோட்டை விடும். முழுசா முக்கினியோ, மேல மூடிக்கிடும், பொறவு நீ என்ன தட்டினாலும் கழலாது. முக்காவாசிதான் முங்கணும். அச்சு சூடு பத்தலைன்னா மாவு ஒட்டாது. சூடு கூடினா மாவு சட்டுன்னு வெந்து மாவுப் பாத்திரத்துக்குள்ளயே கழண்டு விழும். ‘சொய்ங்’னு ஒரு சத்தம் வரும், அதுதான் கணக்கு. அந்தச் சத்தத்தை எந்தக் கடிகாரமும் சொல்லாது, ஆச்சிதான் சொல்லுவா. எண்ணெய்க்குள்ள எறக்கி லேசா ஆட்டணும். பூ தானே அச்சை விட்டுட்டு மெதக்கும். மொதல்ல வாரதெல்லாம் ஒடஞ்சுதான் வரும். ஒடஞ்சது என் கணக்கு. டாக்டர் முழு அச்சுமுறுக்கு சாப்பிடக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காரு.

இதுல உள்ள சூட்சுமம் உனக்குத் தெரியுமா? ருசி இல்ல மக்கா. ருசியில டப்பாக்காரன் ஆச்சியை முந்திருவான், நான் ஒத்துக்கிடுதேன், அவகிட்டச் சொல்லிராத. எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறிட்டா ஒருத்தரும் எழும்பிப் போக முடியாது. ஒருத்தி மாவு கலக்குவா, ஒருத்தி அச்சு பிடிப்பா, ஒருத்தன் தேங்காய் துருவுவான், ஒருத்தன் துருவின தேங்காயைத் திம்பான். கை வேலையா இருக்கும், வாய் சும்மா இருக்கும். அப்பம்தான் உள்ளது உள்ளபடி வெளிய வரும். உன் சித்தப்பன் காதலிச்ச சேதி எப்பிடி வெளிய வந்துச்சுன்னு நெனைக்க? முந்திரிக்கொத்து உருட்டும்போது! வறுத்த பாசிப்பயறு மாவுல கருப்பட்டிப் பாகு ஊத்தி, சூடு ஆறுததுக்குள்ள உருட்டணும். ரெண்டு கையிலயும் பாகு. அந்த நேரம் பாத்து உன் பெரியத்தை கேட்டா, யாருடா அந்தப் பிள்ளைன்னு. அவனால ஓடவும் முடியல, மூஞ்சியைத் தொடைக்கவும் முடியல. உருண்டை முடியுததுக்குள்ள பாதிச் சம்மதம் முடிஞ்சுட்டு. டப்பா பலகாரத்துல இந்த வசதி உண்டாடா?

மஸ்கோத் அல்வாவை மட்டும் கடையிலயே வாங்கிருவோம். முதலூர் பக்கத்துலதான இருக்கு. மாவுப் பால் எடுத்து, தேங்காய்ப்பால்ல மணிக்கணக்காக் கிண்டி எறக்குதது அவங்க கை. 1799ல உண்டான ஊரு. ஊரு பேரு போயி அல்வா பேரா நிலைச்சுட்டு. எனக்கு அதுல வீராப்பு கெடையாது. செய்யத் தெரிஞ்சவன் செய்யட்டும், நமக்கு வேணும்னது நாலு பேரு ஒரு அடுப்பைச் சுத்தி உக்காருதது.

கேக்கும் அப்பிடித்தான். கேக்குன்னா வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நெனைக்காத. கேரளத்துல தலச்சேரியில மாம்பள்ளி பாபுன்னு ஒரு பிஸ்கோத்துக்காரரு. 1883ல பிரவுன் துரைன்னு ஒரு தோட்ட முதலாளி சீமைக் கேக்கு ஒண்ணைக் குடுத்து, இது மாதிரி செஞ்சு காட்டுன்னானாம். துரை சொன்ன பிராந்தியை விட்டுட்டு, முந்திரிப் பழத்துலயும் கதலிப் பழத்துலயும் காய்ச்சின நாட்டுச் சரக்கை ஊத்தி செஞ்சு குடுத்தாராம். தின்ன துரை அசந்து போயி இன்னும் கேட்டானாம். கையில இருக்கதை வச்சு செஞ்சவன் பேரு இன்னைக்கும் நிக்கி. அதுனால உன் பொண்டாட்டியை வெறும் சட்டியில மணல் போட்டுக் கேக்கு வைக்கச் சொல்லு. கருகினாலும் பரவாயில்ல. கருகின கேக்கைப் பத்தி வருசா வருசம் பேசலாம். நல்லா வந்த கேக்கைப் பத்தி யாரு பேசினா?

நட்சத்திரம் உன் மவன் பொறுப்பு. பிளாஸ்டிக்கைக் கொண்டாந்தா திருப்பிக் குடுத்து விட்டுருவேன். மூங்கில் பத்தை சீவி வச்சிருக்கேன். அஞ்சு குச்சியில ஒரு நட்சத்திரம், இன்னொரு அஞ்சுல இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையிலயும் நூலு சுத்திக் கட்டு. உள்மூலை அஞ்சுலயும் சின்னக் குச்சி முட்டுக் குடுத்தா நடுவு உப்பிக்கிட்டு நிக்கும். வண்ணத்தாளை மைதாப் பசை போட்டு ஒட்டு. பசையில ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேக்கணும், இல்லாட்டி கரப்பான்பூச்சி ராத்திரியோட ராத்திரியா பெத்லகேமுக்கு வழி தெரியாமப் பண்ணிரும். மயில்துத்தத்தைப் பெரியவங்க தொடணும், பிள்ளை கையில குடுத்துராத. கிறிஸ்மஸ் மரத்துக்குப் பைன் மரம் தேடாத. சவுக்குக் கொப்பு ஒண்ணு வெட்டி, வாளியில மண்ணைப் போட்டு நட்டு வச்சாப் போதும்.

பரிசு விசயத்துக்கு வாரேன். ‘சீக்ரெட் சாண்டா’ன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு, பேரு வந்த ஆளுக்கு ஒரு காப்பிக் கப்பு குடுப்பியளாமே. உன் வீட்டு அலமாரியில அப்பிடிக் கப்பு வரிசையா நிக்கி. யாரு குடுத்தான்னே தெரியாது, அதுதான் விளையாட்டாம். எங்க காலத்துல பரிசைப் பாத்தாலே யாருன்னு தெரிஞ்சுரும். கொட்டானை வச்சே சொல்லிருவோம். பனங்குருத்தோலையில முடையுதது. விளிம்பு மடக்குத விதம் ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு. உள்ள கோடையில வாங்கி அடுப்புக்கு மேலப் பரண்ல போட்ட கருப்பட்டி இருக்கும். பனை ஏறுத காலம் மாசியில ஆரம்பிச்சு ஆடியோட முடிஞ்சுரும். டிசம்பர்ல புதுக் கருப்பட்டி எவனாவது தந்தா மோந்து பாரு, சீனி வாசம் அடிக்கும்.

இன்னொரு பரிசு, நூல்வேலை. இடையன்குடியில கால்டுவெல் ஐயரு கோயில் கட்டின கதை உனக்குத் தெரியும். அந்தக் கோயிலை 1847ல ஆரம்பிச்சு 1880லதான் பிரதிஷ்டை பண்ணினாரு. பார்சல் பத்து நிமிசம் பிந்தினா நீ போன்ல கத்துதியே, அப்பம் எனக்கு அந்தக் கொத்தனாருங்க ஞாபகம்தான் வரும். அவரு வீட்டம்மா எலைசா, நாகர்கோயில் மால்ட் ஐயரு மவ. அவங்க அம்மா நாகர்கோயில்ல பொண்டுவளுக்கு லேஸ் பின்னப் பழக்கினாங்க. இவங்க இடையன்குடியில பழக்கினாங்க. திண்டு மாதிரி ஒரு தலையணை, அது மேல குத்தூசி, நூல் சுத்தின கட்டைகளை மாத்தி மாத்திப் போடப் போட ஒரு விரல் அகலத்துக்குப் பூ எறங்கும். அந்தக் கைப்பழக்கம் ஆச்சி வரைக்கும் வந்திருக்கு. உன் பொண்டாட்டிக்கு ஒரு கைக்குட்டை ஓரம் பின்னிக்கிட்டு இருக்கா. கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல, ஒரு பக்கம் பூ கோணிக்கிட்டுப் போவுது. அவ குடுக்கும்போது ‘எந்தக் கடையில வாங்கினிய’ன்னு மட்டும் பிள்ளையைக் கேட்டுராதன்னு சொல்லி வை.

கேரல் ரவுண்ட்ஸுக்கு நீ ஸ்பீக்கர் பெட்டி கொண்டாரேன்னு சொன்ன. அதுல ‘ஜிங்கிள் பெல்ஸ்’ போடுவ. போடு. ஆனா அந்தப் பாட்டுல ஏசுவும் இல்ல, கிறிஸ்மஸும் இல்ல, பனியில ஒத்தைக் குதிரை பூட்டின சறுக்கு வண்டிதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? தேரி மணல்ல சறுக்கு வண்டி எப்பிடி ஓடும்? திருநெல்வேலியில 1774ல பொறந்த வேதநாயகம் சாஸ்திரியாரு பெத்லகேமைக் குறவஞ்சியாப் பாடி வச்சுட்டுப் போனாரு. குறத்திக்கே பெத்லகேமுக்கு வழி தெரியுது, நமக்கு எதுக்குக் குதிரை வண்டி? உன் மவனுக்கு ரெண்டு கீர்த்தனை சொல்லிக் குடு. பாடத் தெரியாட்டா டோலக்கை அடிக்கச் சொல்லு. சுக்குக் காப்பி எல்லா வீட்டுலயும் குடுப்பாங்க, எல்லாத்தையும் குடிச்சுராத.

நாடகத்துல அவனுக்குச் சத்திரக்காரன் வேசம் கெடைச்சிருக்காம், உபதேசியாரு சொன்னாரு. மீசை வரைஞ்சு விடு. வேதத்துல அப்பிடி ஒரு ஆளே வரல, எடம் இல்லைன்னு மட்டும்தான் இருக்கு. ஆனாலும் ஊரு முழுக்க அவனைத் திட்டும். நீ பட்டணத்துல வாங்கின வீட்டுக்கு நானும் ஆச்சியும் வந்தப்பம், ஓடுத மிசினு வச்சிருக்க ரூம்ல ஒருத்தரு படுக்க எடம் இல்லாமப் போச்சே, அதை நான் நாடகத்துல சேக்கச் சொல்ல மாட்டேன். பயப்படாத.

25 அதிகாலை ஆராதனைக்கு நாலு மணிக்கே மணி அடிச்சிரும். கருக்கல்ல கோயிலுக்குள்ள நுழைஞ்சா புதுத் துணிக் கஞ்சி வாசமும் மல்லிகைப் பூவுமா இருக்கும். ஐயரு பிரசங்கத்துல உனக்குக் கண்ணு சொக்கும். தூணுக்குப் பின்னால உக்காரு, அந்த எடம் நம்ம குடும்பத்துக்கு வழிவழியா வந்தது. ஜெபத்துல மட்டும் முழிச்சுக்க. ஆச்சி வாய்க்குள்ள ஒவ்வொரு பேராச் சொல்லுவா. உன் பேரு, உன் பொண்டாட்டி பேரு, பிள்ளை பேரு, சங்கிலியை வாங்கிட்டுப் போயித் திருப்பித் தராதவ பேரு, செத்துப் போனவங்க பேருன்னு நீண்டுக்கிட்டே போவும். அவ உலையில அரிசி போடும்போது தெனமும் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்குன்னு தனியா வைக்கதைப் பாத்திருப்ப. மழை பெய்யாத வருசத்துலயும் அந்தப் பிடி கொறையல. நான் வாய் ஜாஸ்தி, பக்தி எனக்கு அம்புட்டுத்தான். அந்த அரிசியைப் பாத்தா மட்டும் வாயை மூடிக்கிடுவேன்.

காலையில இட்லியும் கறிக்கொழம்பும், மத்தியானம் பிரியாணி. இதுல யோசனை சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல, ஆட்டுத் தலை மட்டும் எனக்கு.

சாயந்தரம் தட்டு குடுக்குத வேலை. இதுதான் முக்கியம், நல்லாக் கேளு. தீபாவளிக்கு மேலத்தெருவுல இருந்து வார தட்டெல்லாம் ஆச்சி மனசுல கணக்கு வச்சுக்கிடுவா. யாரு வீட்டுல அதிரசம் வந்துது, யாரு வெறும் மிச்சரு வச்சாங்கன்னு வரிசையாச் சொல்லுவா. அந்தத் தட்டெல்லாம் பிள்ளைகள் கொண்டு போயிரும். கீழத்தெருத் தட்டை நீயும் உன் பொண்டாட்டியும்தான் கொண்டு போவணும்.

யாருக்குன்னு தெரியும். என் தம்பிக்குத்தான். வரப்புல நின்ன பனை யாருக்குன்னு வந்த பேச்சு, பனை விழுந்து மண்ணாப் போயும் முடியல. கோயில்ல அவன் அந்தத் தூணுக்கு அங்கிட்டு, நான் இங்கிட்டு. நான் அனுப்பினேன்னு சொல்லிராத, ஆச்சி அனுப்பினான்னு சொல்லு. சின்னத்தாத்தான்னு கூப்பிடு. வாழ வந்த பிள்ளை தட்டோட வாசல்ல நின்னா அவனால உள்ள வரச் சொல்லாம இருக்க முடியாது, எங்க அம்மா அப்பிடி வளக்கல எங்களை. உக்காரச் சொன்னா உக்காரு, காப்பி குடுத்தாக் குடி. என்னைப் பத்திக் கேட்டா மூட்டு வலின்னு சொல்லு, கொஞ்சம் கூட்டியே சொல்லு.

தட்டுல முறுக்கு வைக்காத, அவனுக்கு மேல்வரிசைப் பல்லு பூரா போயிட்டாம். மஸ்கோத்தைப் பெருசா வெட்டி வை.